சுவரில் இருந்த சிலந்தி

சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவன் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"மாமா, எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சு. என்ன ஃபர்ஸ்ட் எய்ட் பண்ணணும்? நெட்ல பாத்தா ஒருத்தன் ஐஸ் வைங்கிறான், ஒருத்தன் சுடுதண்ணி ஊத்துங்கிறான்."

"கடித்ததைப் பார்த்தாயா?"

"இல்ல மாமா. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தேன். எழுந்தா கையெல்லாம் எரியுது. சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு உக்காந்திருக்கு. அதுதான்."

அந்த 'அதுதான்' என்ற சொல்லில் நான் சற்று நின்றுவிட்டேன். அதே ஊரில், ஏறக்குறைய அதே பருவத்தில், 1998ஆம் ஆண்டு நானும் ஒரு சுவரைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னவன்.

புகைப்படம் அனுப்பச் சொன்னேன். முழங்கை மடிப்பில் சாட்டையால் விசிறியதுபோல ஒரு சிவந்த கோடு, அதன்மேல் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள். மடிப்பின் மேற்பக்கம் என்ன வடிவமோ அதே வடிவம் கீழ்ப்பக்கத்திலும், கண்ணாடியில் பார்த்ததுபோல. நான் மருத்துவன் அல்லன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடந்த பல ஆண்டுகளாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தோல் மருத்துவரான நண்பர் ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். நான் நினைத்ததையே அவரும் சொன்னார். இது கடியே அல்ல.

எறும்பைக் கொஞ்சம் இழுத்து நீட்டியதுபோல, கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறிப் பட்டையிட்ட ஒரு சின்னஞ்சிறு வண்டு உண்டு. பெடெரஸ் என்பது அதன் விலங்கியல் பெயர். மழைக்காலத்தில் வயல்களிலிருந்தும் ஏரிக்கரைகளிலிருந்தும் கிளம்பி விளக்கு வெளிச்சத்தைத் தேடி வரும். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. கையில் ஊர்கிறதே என்று நாம்தான் அதைத் தேய்த்து நசுக்குகிறோம். அதன் உடல்நீரில் இருக்கும் பெடெரின் என்னும் நஞ்சு தோலில் கோடாகப் படிகிறது. உடனே எரியாது, பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். அதற்குள் வண்டை மறந்திருப்போம். முழங்கையை மடித்தால் மடிப்பின் இருபுறமும் ஒட்டிக்கொள்ளும். கையோடு கண்ணைக் கசக்கினால் கண் வீங்கும். கென்யாவில் அதற்கு 'நைரோபிக் கண்' என்றே பெயர். தோல் மருத்துவ நூல்களில் இந்தப் புண்ணுக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'சிலந்தி நக்கு' என்பது. ஆக, இந்தப் பழியைச் சிலந்தியின்மேல் போட்டவன் என் மருமகன் மட்டுமல்ல.

இரவெல்லாம் விளக்கெரியும் தொழிற்பேட்டை, சுற்றிலும் ஏரியும் நெல்வயலும் சவுக்குத் தோப்பும். அந்த வண்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சோப்புப் போட்டு நன்றாகக் கழுவு, குளிர்ந்த ஈரத்துணியை வைத்து எடு, கண்ணைத் தொடாதே, இனிமேல் உடம்பில் எது ஊர்ந்தாலும் அடிக்காமல் ஊதித் தள்ளு, காலையில் மருத்துவரைப் பார் என்று சொன்னேன். "அப்ப சுவத்துல இருக்கிறது?" என்றான். "அது உன் அறையில் கரப்பான் பிடிக்க வந்தது. விட்டுவிடு" என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

நம்பமாட்டான்தான். தமிழிலேயே அந்தச் சந்தேகம் புதைந்து கிடக்கிறது. 'சிலந்தி' என்ற சொல்லுக்கு நம் அகராதிகள் எட்டுக்காலி என்று மட்டும் பொருள் தருவதில்லை. புண்கட்டி என்றும் தருகின்றன. உடம்பில் காரணம் தெரியாமல் ஒன்று கிளம்பினால் அதற்கும் அந்தப் பிராணிக்கும் ஒரே பெயர். தெலுங்கில் 'சாலெபுருகு' என்பார்கள், நெசவாளிப் பூச்சி. அவர்கள் அதன் தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் நம் தோலையும் சேர்த்துப் பார்த்துவிட்டோம் போலிருக்கிறது.

இது நமக்கு மட்டுமான வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் பழுப்புச் சிலந்தி என்று ஒன்று உண்டு. அதன் கடி சில சமயம் சதையை அழுகச் செய்யும் என்பது உண்மை. ஆகவே அங்கே ஆறாத புண் எதுவானாலும் அதன் கணக்கில் எழுதிவிடுவார்கள். கலிபோர்னியாவின் ரிக் வெட்டர் என்ற ஆய்வாளர் இதற்கு எதிராகப் பல ஆண்டுகள் எழுதினார். 2002இல் அவரும் ஓர் இணை ஆய்வாளரும் வெளியிட்ட கட்டுரை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. கான்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் வசித்த வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பழுப்புச் சிலந்திகளைப் பிடித்து எண்ணினார்கள். அவ்வீட்டில் பல ஆண்டுகளாக இருந்த அந்தக் குடும்பத்தில் ஒருவரைக்கூட ஒன்றுகூடக் கடித்திருக்கவில்லை.

நம் வீட்டுச் சுவர்களில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய சிலந்தி அந்த வகையும் அல்ல. வலை பின்னாது, ஓடிப் பிடித்துத் தின்னும். பெண் சிலந்தி வெள்ளைக் காசு போன்ற முட்டைப் பையை வயிற்றோடு சுமந்து திரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கப்பல் சரக்குகளோடும் வாழைத் தார்களோடும் உலகின் வெப்பநாடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பிராணி. பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், வீங்கும், அவ்வளவுதான். உண்மையிலேயே துன்பம் தரக்கூடியவையும் இல்லாமலில்லை. மரப்பொந்துகளில் வாழும் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தியை யாழ்ப்பாணத்தில் புலிமுகச் சிலந்தி என்பார்கள். அது கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும் என்று இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கும்கூடக் கழுவி, கையையோ காலையோ அசையாமல் உயர்த்தி வைத்து, மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. கீறக்கூடாது. 2012இல் அஸ்ஸாமின் சதியாப் பகுதியில் சிலந்திகள் படையெடுத்ததாகவும் கடிபட்ட இருவர் இறந்ததாகவும் செய்திகள் வந்தன. அவர்களை நாட்டு வைத்தியர்கள் பிளேடால் கீறி ரத்தம் வடித்திருந்தார்கள் என்பதும் அதே செய்திகளில் இருந்தது. கொன்றது சிலந்தியா பிளேடா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

இவ்வளவையும் நான் படித்தது 1998க்குப் பிறகு.

திருவள்ளூர் மாவட்டம் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஓர் எஃகு உருக்காலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். தொழிற்பேட்டைக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டி, ஒரே வரிசையாகக் கட்டிய ஆறு வீடுகளில் ஒன்றில் நாங்கள் மூன்று பேர். நான், சூளூர்ப்பேட்டைக்காரரான ஒரு ஃபிட்டர், எங்களைவிட இருபது வயது மூத்தவர், அவரை 'பாவா' என்று கூப்பிடுவோம், மூன்றாவது ஆள், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். அவனை இங்கே முத்து என்று வைத்துக்கொள்கிறேன். பாவாவுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. நானும் முத்துவும் தரையில் பாய் விரித்துப் படுப்போம்.

மழை பெய்து ஓய்ந்திருந்த இரவு. ஒன்றே முக்கால் இருக்கும், முத்து எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, எதோ கடிச்சிருச்சு" என்றான். விளக்கைப் போட்டோம். இடது முன்கையின் உட்புறம் ஊசியால் குத்தியதுபோல ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று இருந்ததா என்பதை இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீக்கமில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "சுருக்குன்னுச்சு. இப்ப ஒண்ணுமில்லண்ணே" என்றான். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் அது இருந்தது. எட்டுக் கால்களையும் பரப்பிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் திகைத்துப்போய்.

"அதுதான்" என்றேன். பாவா செருப்பால் ஓங்கி அடித்தார். குற்றவாளி கிடைத்தான், தண்டனையும் நிறைவேறியது. பாவாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் புள்ளியின்மேல் தடவினோம். மூவருக்குமே மனம் லேசாகிவிட்டது. அதன்பின் யாரும் பாயை உதறிப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பழைய சிமெண்டுச் சாக்குகளைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இருந்தாலும் எதற்கும் மருந்து ஏதாவது போடுவோம் என்று நான் ஆலைக்கு நடந்தேன். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி நூற்றைம்பது தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். இருந்தது. சாவி டைம் ஆபீஸ்காரரிடம், அவர் வீட்டில். காவலாளி என்மேல் இரக்கப்பட்டுப் பூட்டை நெம்பித் திறந்துவிட்டார். உள்ளே பாதி ஆவியாகிப்போன ஸ்பிரிட், பழுப்பேறிய பஞ்சு, காய்ந்த களிம்பு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் குப்பி, அப்புறம் மரக்கூட்டுக்குள் செருகிய ஒரு சிறு கத்தி. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த பட்டியலில் அதன் பெயர் இருந்தது: ஸ்நேக் பைட் லான்செட் - ஒன்று. பாம்பு கடித்த இடத்தைக் கீறி, பெர்மாங்கனேட்டைத் தேய்க்க. நமக்கு இது தேவையில்லை என்று அதை வைத்துவிட்டு ஸ்பிரிட்டையும் பஞ்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அந்தக் கத்தியின் வரலாறு எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. லாடர் பிரண்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் வடிவமைத்தது. ஜோசப் ஃபேரர், லியனார்டு ராஜர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1904இல் அவர் வெளியிட்ட பரிசோதனைகளை நம்பி இந்தியாவெங்கும் அது பரவிற்று. பெர்மாங்கனேட்டால் பயனில்லை, கீறுவதால் கேடுதான் அதிகம் என்று மருத்துவ உலகம் முடிவுகட்டிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் பல மாநிலத் தொழிற்சாலை விதிகளின் பட்டியலில் அந்தக் கத்தி அப்படியே நீடித்தது. பட்டியல்களுக்கு ஆயுள் அதிகம். அந்த இரவு எங்கள் தவறான முடிவு செய்த ஒரே நன்மை இது: கடித்தது பாம்பு என்று தெரிந்திருந்தால் நான் அந்தக் கத்தியை எடுத்து வந்திருப்பேன். முத்துவின் கையைக் கீறியிருப்பேன்.

மூன்றரை மணிக்கு முத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். இரவு சாப்பிட்ட பரோட்டா என்று நினைத்து ஓமவாட்டர் கொடுத்தோம். வாந்தி எடுத்தான். சைக்கிளில் உட்காரவைத்துப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கின் கதவைத் தட்டினோம். மருத்துவர் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது சார்" என்றேன். இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 'இருட்டில் ஏதோ கடித்தது, என்னவென்று பார்க்கவில்லை' என்று சொல்லியிருந்தால் அவரும் வேறு மாதிரி யோசித்திருப்பாரோ என்னவோ. அலர்ஜிக்கு ஏவில் ஊசி போட்டு, வயிற்றுவலிக்கு ஒரு மாத்திரை தந்து, "தூக்கம் வரும், பயப்படாதீங்க" என்றார்.

தூக்கம் வந்தது. ஐந்தரை மணிக்கு முத்துவின் இமைகள் பாதி மூடிக் கிடந்தன. பேச்சு குழறிற்று. ஊசி வேலை செய்கிறது என்று பாவா சொன்னார், நானும் ஆமோதித்தேன். வாசற்படியில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம்.

அந்த வரிசை வீடுகளின் வாசலைப் பெருக்க ஓர் இருளர் மூதாட்டி வருவார். ஆயா என்று கூப்பிடுவோம். தோப்பில் விறகு பொறுக்குவதும் ஏரியில் கையால் துழாவி மீன் பிடிப்பதும் மற்ற நேர வேலை. துடைப்பத்தோடு வந்தவர் முத்துவைப் பார்த்ததும் நின்றார்.

"இந்தப் புள்ளைக்கு இன்னா?"

"எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சு ஆயா. ஊசி போட்டிருக்கு, தூங்குறான்."

துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்து குனிந்தார். "கண்ணத் தொற சாமி. மேல பாரு" என்றார். முத்து நெற்றியைச் சுருக்கி முயன்றான், இமை எழவில்லை. "நாக்க நீட்டு." நாக்கு பல்லைத் தாண்டி வரவில்லை. "வவுறு வலிச்சுதா?" என்று என்னிடம் கேட்டார். வலித்தது என்றேன். "தரையிலதான படுத்தான்?" ஆமாம் என்றேன்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டுவிரியன். வீங்காது, வலிக்காது, தூக்கத்துலயே மூச்ச நிறுத்தும். வண்டி புடி. பட்டணத்துக்குப் போ."

பாவா, மூலிகை ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ஆயாவின் பதிலை அப்படியே தருகிறேன். "எங்ககிட்ட வேரு இருக்குதுதான். இதுக்கு அது ஆவாது. ஊசிதான். அந்த ஊசிக்கே எங்க ஆளுங்கதான் வெசம் எடுத்துக் குடுக்கிறாங்க." தம்பி மகன் ஒருவன் மாமல்லபுரத்துப் பக்கம் அந்த வேலையில் இருப்பதாகச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொல்லியிருக்கிறார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அதைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் நஞ்சுமுறி மருந்து. அச்சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் ஆயாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் பெயர் என்னவென்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. ஆலையின் வேன் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றப் போயிருந்தது. ரயிலடியில் ஓர் அம்பாசிடர் கிடைத்தது. ஆயா சொல்லி அனுப்பியபடி முத்துவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். எச்சிலை விழுங்க முடியாமல் அது வாயோரம் வழிந்துகொண்டிருந்தது. கவரைப்பேட்டை, தச்சூர், காரனோடை, செங்குன்றம். மூலக்கடையில் நெரிசல். அவன் நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்ததை என் மடியில் உணர்ந்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்குள் சென்னையின் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தெற்கே கட்டுவிரியனை எட்டடி விரியன் என்பதுண்டு. கடித்தால் எட்டடி வைப்பதற்குள் சாவு என்று பொருள் சொல்வார்கள். அது உண்மையல்ல, உண்மைக்கு நேர்மாறு. அது அவகாசம் தருகிறது. பல மணிநேரம் தருகிறது. வலியின்றி, வீக்கமின்றி, ஒன்றுமில்லை என்று நம்பவைக்கும் அந்த அவகாசத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள். எட்டடியை நாங்கள் எட்டுக்கால் என்று நினைத்து ஆறு மணிநேரத்தைச் செலவழித்திருந்தோம். அதன் நஞ்சு நரம்பு நுனிகளைச் சிதைக்கிறது. ரத்தத்தில் உலவும் நஞ்சை மருந்து முறிக்கும். ஏற்கெனவே சிதைந்த நுனிகளை அதனால் மீட்க முடியாது. அவை தாமாக மீண்டும் வளரும்வரை இன்னொருவர் மூச்சு விட்டுத் தர வேண்டும்.

அந்த இன்னொருவர் முதல் சில மணிநேரம் நான்தான். குப்பி குப்பியாக நஞ்சுமுறி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தொண்டையில் குழாய் செருகி, அதில் ரப்பர்ப் பை ஒன்றை மாட்டி, எப்படி அழுத்துவது என்று ஒரு பயிற்சி மருத்துவர் காட்டிக்கொடுத்தார். வென்டிலேட்டர் ஒன்று காலியாகும்வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும். நான் அழுத்தினேன், கை ஓய்ந்தால் பாவா அழுத்தினார். முத்து அசையவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் பாவை அப்படியே விரிந்து நின்றது. பிணத்துக்கும் அவனுக்கும் எங்கள் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

பதினோரு மணி வாக்கில் நான் பாவாவிடம் சொன்னேன், பையை அழுத்திக்கொண்டே, அவன் தலைமாட்டில் நின்றுகொண்டே: "இவன் எங்க பாவா பிழைக்கப் போறான். ஊருக்குத் தகவல் சொல்லிடலாம். சிவகங்கைக்கு உடம்பக் கொண்டுபோக வண்டிக்கு ஐயாயிரமாவது ஆகும். நம்ம மூணு மாச அட்வான்ஸ வீட்டுக்காரர்கிட்ட திருப்பிக் கேக்கலாமா?"

அரைமணி நேரம் கழித்து வந்த மூத்த செவிலியர் ஒருவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடியில உடம்புதான் தூங்கும், மூளை தூங்காது. காது நல்லாக் கேக்கும். எதாவது தைரியமாப் பேசுங்க" என்றார்.

பிற்பகலில் இயந்திரம் கிடைத்தது. ஐந்தாம் நாள் வலது கைப் பெருவிரல் அசைந்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். வீடு திரும்பியபின் பாயையும் சாக்கையும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுப் பார்த்தோம். பாம்பை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. அவனைச் சொந்த ஊருக்கு ரயிலேற்ற எழும்பூருக்குக் கூட்டிப்போனது நான்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தவன், வண்டி கிளம்பச் சற்று முன்பு, சிரித்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, சிவகங்கைக்கு வண்டி வைச்சா ஐயாயிரமா ஆகும்?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுங்கண்ணே. கை வலிக்க வலிக்க அமுக்கிக்கிட்டே இருந்தீங்க. அதுவும் தெரிஞ்சுது" என்றான். இப்போது அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்குப் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சை அவன் பிறகு எடுத்ததில்லை. நான் எடுக்க நினைத்து எடுக்காமல் விட்ட பொங்கல்கள் இருபதுக்கு மேல்.

2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தார்கள். 'ஏதோ பூச்சி' என்று கணக்கில் வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். இரவில், தரையில் படுத்தவனை, கண்ணால் காணாத ஒன்று கடித்தால் அதைப் பாம்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, நடக்கவிடக்கூடாது. மோதிரம் கயிறுகளைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ மட்டையோ அட்டையோ வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவரிடம் என்ன கடித்தது என்று சொல்ல அவசரப்படாமல், என்ன பார்த்தோம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடக் கூடியவை. எனக்கு அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மருமகனிடம் அன்றிரவே இன்னொரு கேள்வி கேட்டேன். "எங்கே படுக்கிறாய்?" "தரையிலதான் மாமா. ரூம்ல ஆறு பேரு. மூணு பேரு ஜார்க்கண்டு." சுற்றிலும் என்ன என்றேன். "பின்னாடி சவுக்குத் தோப்பு."

ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் ஆறு கொசுவலைகள் வாங்கிக்கொண்டு மின்ரயில் ஏறினேன். நேபாளத்தின் தென்கிழக்குத் தாழ்நிலக் கிராமங்களில் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாம்புக்கடியைத் தவிர்க்க உதவியவற்றுள் வலைக்குள் தூங்குவதும் ஒன்றாக இருந்தது. அறையில் பையன்கள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். கொசுவுக்கு லிக்விட் இருக்கிறது மாமா என்றான் மருமகன். அவன் கையில் புண் காய்ந்து கறுத்த கோடாகியிருந்தது. சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே, அந்தச் சிலந்தி இன்னும் இருந்தது. வயிற்றோடு வெள்ளைப் பையை அணைத்திருந்தது. அடிக்காமல்தான் விட்டிருந்தார்கள்.

ஆணி அடித்துக் கயிறு கட்டி ஆறு வலைகளையும் மாட்ட இருட்டிவிட்டது. ஓரங்களைச் சும்மா தொங்கவிடக்கூடாது, சுற்றிலும் பாய்க்கு அடியில் செருக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் ஜார்க்கண்டுப் பையன்களுக்குச் சொல்லி, ஒருவனைப் படுக்கவைத்துச் செருகிக் காட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் ரயிலடிக்கு நடந்தேன்.